நோட்டில் இல்லாத வரி

சார்,

நேற்று வாஷிங் மெஷின் பார்க்கப் படப்பையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்திருந்தார். துணி பிழியும்போது மெஷின் குதிகுதியென்று குதிக்கிறது, ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து வரச் சொல்லியிருந்தேன். அவர் மெஷினை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடியில் கையை விட்டு, கறுப்பாக ஒரு ரப்பர் பலகையை உருவி எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னாம்மா இது, அஞ்சு மூலை கீது” என்றார்.

மெஷின் வாங்கிய புதிதில், ஆடாமல் இருக்கட்டும் என்று நான்தான் அதை அடியில் கொடுத்தேன். கொடுத்ததை மறந்தும் போனேன். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அதில் ஒரு மூலை உப்பியிருந்தது. மெஷினில் கோளாறு ஒன்றுமில்லை, குதித்ததற்கு அந்த மூலைதான் காரணம் என்றார். குப்பையில் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். பிடுங்காத குறையாக அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

நீங்கள் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பீர்கள். மண்ணூரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பீர்கள், டீச்சர் மைதானத்து ஹோம் பிளேட்டை எடுத்து அழுக்குத் துணிக்கு முட்டுக் கொடுத்துவிட்டார் என்று.

அதைக் கழுவித் துடைத்து ஜன்னலோரம் சாய்த்து வைத்தேன். வெயில் ஏற ஏற அந்தப் பழைய வாசனை வந்தது. பாதி டயர் வாசனை, பாதி கல் தூசி. அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை. இன்று உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எண்பதுகளின் நடுவில் நான் பெண்கள் பள்ளிக்கு உடற்பயிற்சி ஆசிரியையாக வந்து சேர்ந்தபோது, நீங்கள் பையன்கள் பள்ளியில் ஏற்கெனவே இரண்டு வருடம் விசில் ஊதியிருந்தீர்கள். நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஏரிக்கரையோரம் ஒரே மைதானம். மழைக்காலத்தில் அதிலும் பாதி ஏரிக்குப் போய்விடும். என்னைச் சென்னைக்கு அனுப்பிப் பத்து நாள் சாப்ட்பால் கற்றுக்கொடுத்தார்கள். உங்களை அனுப்பி ஒரு வாரம் பேஸ்பால் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டுமே ஊரில் ஒருவருக்கும் தெரியாத ஆட்டம். மட்டையோடு பஸ்ஸில் ஏறினால், துணி துவைக்கிற கட்டைக்கு இவ்வளவு நீளம் எதற்கு என்று கண்டக்டர் கேட்பார்.

மைதானத்தில் முதல் நாளே நமக்குள் சண்டை. கோடு போடச் சுண்ணாம்புத் தூளோடு நான் வந்தால், நீங்கள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தீர்கள். ஓடுகிறவர் நின்று நின்று போகிற பேஸ் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உங்கள் ஆட்டத்தில் தொண்ணூறு அடி. என் ஆட்டத்தில் அறுபதுதான். உங்கள் கோட்டில் என் பிள்ளைகள் ஓடினால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள் என்றேன். அறுபதில் நம்ம பசங்க ஓடினால் நிற்க முடியாமல் ஏரியில் போய் விழுவாங்க என்றீர்கள். கடைசியில் உங்களுக்குக் காலை, எனக்கு மாலை என்று முடிவாயிற்று. உமி அடைத்த சாக்குதான் நமக்கு பேஸ். காலையில் நீங்கள் அதைத் தள்ளிப் போடுவீர்கள், மாலையில் நான் கிட்டே இழுத்துக்கொள்வேன்.

ஓடுகிறவர் கடைசியில் வந்து மிதிக்கிற ஹோம் பிளேட்டுக்கு மட்டும் சாக்கு சரிப்படவில்லை. நீங்கள் கல் குவாரிக்குப் போய், ஜல்லி மிஷினில் ஓடித் தேய்ந்த ரப்பர் பெல்ட்டில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து ஐந்து மூலையாக அறுத்துக்கொண்டு வந்தீர்கள். எனக்கும் தனியாக ஒன்று செய்து தரட்டுமா என்றீர்கள். நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். எங்கள் அளவும் அதேதான். ஒரு அங்குலம்கூட ஏறவும் இல்லை, குறையவும் இல்லை.

“பாத்தீங்களா டீச்சர், வூடு ஒண்ணுதான். அப்புறம் இன்னா பெரிய வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணுதான், பந்துதான் கொஞ்சம் பெருசு” என்றீர்கள்.

அன்றிலிருந்து அது உங்கள் பல்லவியாகிவிட்டது. நான் ஒன்று சொன்னால் போதும், ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர் என்பீர்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பத்து நாள் முகாமில் படித்ததை இந்த மனிதர் ஒரு வாரப் படிப்பில் ஊதித் தள்ளுகிறாரே என்று இருக்கும்.

இப்போது யோசித்தால், ஆட்டத்தைவிடக் கற்றுக்கொடுப்பதில்தான் வித்தியாசம் அதிகம் என்று தோன்றுகிறது. உங்களுக்கு எப்போதும் பையன்களின் தோளைப் பற்றிய கவலை. கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் எறிவதால் தோள் சீக்கிரம் பழுதாகிவிடும். நாற்பது பந்து ஆனதும், இன்னும் எறிகிறேன் என்று அடம் பிடிப்பவனிடமிருந்து பந்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வீர்கள். வீட்டுக்குப் போய் விளக்கெண்ணெய் தேய்க்கச் சொல்வீர்கள். என் அணியில் பந்து போடுகிற ரெஜினாவோ இடுப்புக்குக் கீழிருந்து கையை ஒரு சுற்றுச் சுற்றி விடுவாள். நூறு பந்து போட்டுவிட்டு இன்னும் பத்து என்பாள். எனக்குத் தோள் கவலையே கிடையாது, நேரம்தான் கவலை. நாற்பது அடியிலிருந்து பந்து வருகிறது. கையில் சிக்கிய பந்தை ஒரு முறை நன்றாகப் பிடித்துப் பார்க்கலாம் என்று நினைத்தாலே போதும், ஓடுகிறவள் பேஸில் நிற்பாள். அதனால் நான் எந்நேரமும் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்துவேன். நீங்கள் நிதானம் நிதானம் என்பீர்கள். பிறவியிலேயே நான் அவசரக்குடுக்கை, நீங்கள் மாட்டு வண்டி. அவரவருக்கு ஏற்ற ஆட்டம்தான் வந்து வாய்த்தது.

ஆனால் ஒரு இடத்தில் இது அப்படியே தலைகீழ். அதில்தான் நாம் இருவரும் வழுக்கி விழுந்தோம்.

மூன்றாவது வருடம் நான் பிரசவ லீவில் போக வேண்டியிருந்தது. லீவு முடிவதற்கும் காஞ்சிபுரத்தில் மாவட்டப் போட்டி தொடங்குவதற்கும் நடுவில் ஒரு நாள்கூட இல்லை. அந்த வருடம் அணியும் புதிது. பெரிய பெண்கள் எல்லாம் பத்தாவது முடித்துப் போய்விட, பழைய ஆள் என்று ரெஜினா ஒருத்திதான் மிச்சம். இது போதாதென்று தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, வயதுப் பெண்கள் புழுதியில் விழுந்து புரள்கிறார்கள் என்று வீட்டுக்கு வீடு புகார் வருகிறது, இந்தத் தடவை கடைசி நான்கு அணிகளுக்குள் வராவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்த நேரத்தைத் தையல் வகுப்புக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். லீவு போட்டுவிட்டுப் போகிறாயே என்கிற கடுப்பும் அதில் கொஞ்சம் இருந்தது. மூன்று வருடம் வீடு வீடாகப் போய்க் கெஞ்சிச் சேர்த்த அணி சார் அது.

உங்களைத் தவிர வேறு யாரிடம் போய்க் கேட்பேன். கேட்டேன். இதுக்கு இன்னா டீச்சர் இவ்ளோ யோசனை, ரெண்டும் ஒண்ணுதானே என்றீர்கள். இவரை நம்பினால் என் பிள்ளைகளைத் தலைக்கு மேலே எறியச் சொல்லிவிடுவார் என்று பயந்து, நிறைமாத வயிற்றோடு மூன்று நாள் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டு முழுக்க எழுதினேன். மணிக்கட்டை எங்கே சுண்டுவது, மட்டையை எங்கே பிடிப்பது, மூன்றாவது பேஸில் நிற்பவள் எத்தனை தப்படி முன்னால் வர வேண்டும், எல்லாம் எழுதினேன். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கட்டளை. ‘இதில் உள்ளதை மட்டும் செய்யவும். பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், கேட்க வேண்டாம்.’ அதைப் படித்துவிட்டு நீங்கள் எனக்கு ஒரு சல்யூட் அடித்தீர்கள்.

பிள்ளை பிறந்து இருபதாவது நாளோ என்னவோ, ஒரு பை நிறையச் சாத்துக்குடியோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். நான் ராத்தூக்கம் இல்லாமல் கண் சொருகி உட்கார்ந்திருந்தேன். குழந்தையின் கையைப் பார்த்து, விரல் நீளமா கீது, பந்து நல்லா சுத்தும் என்றீர்கள். போகிறபோது வாசல்படியில் நின்று திரும்பினீர்கள்.

“ஒரு டவுட்டு கேக்கலாம்னு வந்தேன் டீச்சர்” என்றீர்கள். நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தேன். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீல் என்று கத்தியது. “பரவால்ல, நீங்க தூங்குங்க. ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டீர்கள். வழக்கமான சீண்டல் என்று நினைத்து நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

போட்டி நாளன்று வீட்டில் இருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர். அவரை லீவு போட வைத்து, குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போய்விட்டேன். அவர் ஒரு வேப்பமரத்தடியில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம். ஷாமியானாவில் நாற்காலி போட்டுத் தலைமை ஆசிரியை. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தால் கடைசி நான்கு.

முதல் ஆட்டத்தில் முதலில் பேஸ் ஏறியவள் சாந்தி. கோழிக்குஞ்சு மாதிரி இருப்பாள், ஓடினால் கண்ணுக்குத் தெரியாது. எதிரணிப் பெண் பந்து போடக் கையைத் தூக்கினாள். சாந்தி சாக்கை விட்டு இரண்டு தப்படி முன்னால் வந்து, முழங்காலை மடக்கி, அந்தப் பெண்ணின் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத் திக்கென்றது. அம்பயர் கையைத் தூக்கி, ரன்னர் அவுட் என்றார்.

அதுதான் சார் அந்தத் தலைகீழ் இடம். பேஸ்பாலில் பேஸில் நிற்கிறவன் பாதித் திருடன். பந்து போடுகிறவன் அசருகிற நேரம் பார்த்து முன்னாலேயே நகர்ந்து நிற்கலாம், கிளம்பியும் விடலாம். சாப்ட்பாலில் பந்து கையை விட்டுப் போகும் வரைக்கும் காலை பேஸிலிருந்து எடுக்கக் கூடாது. எடுத்தால் யாரும் பந்தால் தொட வேண்டாம், எறிய வேண்டாம், அந்த இடத்திலேயே அவுட். நிதானக்காரரான நீங்கள் ஓட்டத்தில் மட்டும் முந்தச் சொல்லிக் கொடுப்பீர்கள். அவசரக்காரியான நான் அங்கே மட்டும் காத்திருக்கச் சொல்வேன்.

நீங்கள் அம்பயரிடம் ஓடினீர்கள். பந்தே போடல, எப்படி சார் அவுட்டு என்று கேட்டீர்கள். அவர் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நீங்கள் அதைப் படித்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு தடவை படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தீர்கள். அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பார்த்துக் காலை எடுக்காதே என்று நீங்கள் கத்தியும் பயனில்லை. மூன்று மாதப் பழக்கம், கால் தானாகப் போயிற்று. இன்னும் நான்கு பேர் அப்படியே அவுட் ஆனார்கள். ஆட்டம் போயிற்று.

தலைமை ஆசிரியை எழுந்து வந்தார். யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தது, லீவில் போகிறவர் ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போகவில்லையா என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ரெஜினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, போய்ப் பிடித்துக்கொண்டு வா என்று அவளை அனுப்பிவிட்டீர்கள்.

“தப்பு என்னுதுதான் மேடம். டீச்சர் நோட்ல தெளிவா எழுதி வெச்சிருந்தாங்க. நான்தான் படிக்கல” என்றீர்கள்.

எனக்கு வந்த கோபத்தில் இடம், பொருள் எதுவும் தெரியவில்லை. பிள்ளைகள் எதிரில், தலைமை ஆசிரியை எதிரில், “உங்களுக்குப் படிக்கத் தெரியாதா சார்” என்று கேட்டேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். காதெல்லாம் சிவந்துவிட்டது. இனிமேல் இவரை நம்பி எதையும் ஒப்படைக்காதீர்கள் என்று தலைமை ஆசிரியை என்னிடம் சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். அவருக்கு என் மேல் இருந்த சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போன பொறுப்பான ஆசிரியை ஆகிவிட்டேன்.

சாப்பாட்டு நேரம் ஒரு மணி நேரம் இருந்தது. பிள்ளைகள் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை, அழுதுகொண்டிருந்தார்கள். நீங்கள் அவர்களை மரத்தடியில் நிற்க வைத்து, ஆளுக்கொரு செருப்பைத் தரையில் போட்டு, அதுதான் பேஸ் என்றீர்கள். ரெஜினா பந்து போடுகிற மாதிரிக் கையைச் சுற்ற வேண்டும். அவள் கையையே பார்த்தபடி நீங்கள் சொன்னீர்கள், இரு, இரு, இரு. கை இடுப்பைத் தாண்டி விரல் பிரிந்ததும், போ. நாற்பது தடவை, ஐம்பது தடவை. எந்நேரமும் போ போ என்று பையன்களை விரட்டிக்கொண்டிருந்த மனிதர், கையைக் கூப்பாத குறையாக இரு இரு என்று சொல்லிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் அதே தாளத்தில் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தார். அது தூங்கியும் போயிற்று.

இரண்டாவது ஆட்டத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். மற்ற அணிப் பெண்கள் பந்து கையை விட்ட பிறகு, அதைப் பார்த்து, புரிந்து, அப்புறம் காலை எடுத்தார்கள். நம் பிள்ளைகள் அப்படி இல்லை. பந்து போடுகிறவளின் தோள் எப்போது திரும்பும், விரல் எப்போது பிரியும் என்று மூன்று மாதமாக நீங்கள் திருட்டுக்குப் பழக்கியிருந்தீர்கள். அந்தக் கண்ணுக்கு இப்போது ஒரு கடிவாளமும் சேர்ந்துகொண்டது. முதல் பேஸ் பக்கம் நின்று நீங்கள் இரு, இரு என்பீர்கள். போ என்றால் எதிரணிக்காரி பந்தைப் பிடிப்பதற்குள் இவர்கள் அடுத்த பேஸில் இருப்பார்கள். நான் மூன்று வருடம் சொல்லிக் கொடுத்தும் என் பழைய பிள்ளைகள் இப்படி ஓடியதில்லை. இதை அன்று நான் உங்களிடம் சொல்லவில்லை, கோபமாக இருந்தேன் அல்லவா.

அந்த ஆட்டம் நமக்கு. மறுநாள் மூன்றாவது ஆட்டம், கடைசி இன்னிங்ஸ் வரைக்கும் சரிக்குச் சரி. சாந்தி மூன்றாவது பேஸில். நீங்கள் முதல் பேஸை விட்டு அங்கே போய் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். அந்தப் பெண் கையைச் சுற்றினாள். மைதானமே சத்தம் போட்டது, ஆனாலும் எனக்கு உங்கள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. இரு. இரு. பந்து தரையில் குத்தி, பின்னால் நின்று பிடிப்பவளைத் தாண்டி உருண்டது. போ என்றீர்கள். சாந்தி கிட்டே வந்ததும் விழுந்து, புழுதியோடு சறுக்கிக்கொண்டு வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டாள். தலைமை ஆசிரியை நாற்காலியை விட்டு எழுந்து, கைப்பை கீழே விழுந்தது தெரியாமல் கை தட்டினார். எந்தப் புழுதியைப் பற்றிப் புகார் வந்ததோ அதே புழுதிதான்.

அரையிறுதியில் பதினொன்றுக்கு ஒன்று என்று நம்மைத் துவைத்து எடுத்தார்கள். அதைப் பற்றி யாருக்குக் கவலை. கடைசி நான்கு வந்தாயிற்று, தையல் வகுப்புப் பேச்சு அடங்கிற்று, மாலையில் மைதானம் நம் பிள்ளைகளுக்கு என்று ஆயிற்று. பஸ்ஸில் வரும்போது ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் பாட்டு. நீங்கள் கடைசி சீட்டில் தூங்கிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தோம். கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. ஆனால் அந்த வார்த்தையை நான் விடவில்லை. சுற்றறிக்கை வந்தால், சாரிடம் வாயால் சொல்லுங்கள், படிக்க மாட்டார் என்பேன். உங்கள் மகளின் கல்யாணப் பத்திரிகையை நீங்கள் நீட்டினபோதும், தேதியை நீங்கள் படித்தீர்களா என்று கேட்டேன். நீங்கள் வெற்றிலைப் பாக்குத் தட்டை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. ஏரிக்கரை மைதானத்தைச் சுற்றிக் கம்பெனிக்காரர்கள் சுவர் எழுப்பிய வாரம், சாமான்களைப் பிரித்துக்கொண்டோம். மட்டைகளை நீங்கள் எடுத்துக்கொண்டு, ஹோம் பிளேட்டை என் கையில் கொடுத்தீர்கள். இது உங்க வூட்லயே இருக்கட்டும் டீச்சர், ரெண்டு ஆட்டத்துக்கும் பொதுவா ஒண்ணுன்னா இதுதான் என்றீர்கள்.

போன வைகாசியில், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்களாம். பேஸ்பால்காரர் புத்தி எங்கே போகும், பந்து கையை விடும் முன்பே கிளம்பிவிட்டீர்கள். பதினாறாம் நாள் உங்கள் மனைவி ஒரு மஞ்சள் பையைக் கொடுத்து, உங்ககிட்ட சேக்கணும்னு சொல்லிகினே இருந்தாரு, மறந்து மறந்து பூட்டுது என்றார். அதைத் திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே அலமாரி மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

நேற்று இந்த ரப்பர் வாசனை வந்ததும் எழுந்து போய் அதைக் கீழே இறக்கினேன். உள்ளே உங்கள் விசில், என் பிள்ளைகள் மட்டைகளோடு நிற்கிற ஒரு மங்கிய போட்டோ, அப்புறம் என் நாற்பது பக்க நோட்டு.

திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் பென்சில் டிக். ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக். சில வரிகளுக்குக் கீழே கோடு. மணிக்கட்டு என்று நான் எழுதிய இடத்தில் ஒரு கை படம் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். முழு நோட்டையும் எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்திருக்கிறீர்கள். காலைப் பற்றிய அந்த வரியைத் தேடினேன். ஓட்டம் என்று தலைப்பு போட்டு மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன், எங்கே வளைய வேண்டும், எங்கே சறுக்க வேண்டும் என்று. அந்த வரி மட்டும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை தேடினேன். இல்லை சார். மூச்சு விட வேண்டும் என்று யாராவது எழுதி வைப்பார்களா, அப்படி நினைத்து விட்டுவிட்டிருக்கிறேன். எழுதியதாக முப்பது வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் உங்கள் கோழிக் கிறுக்கல் இருந்தது. ‘ரெஜினா சொல்லுது, கால் எடுக்கக் கூடாதாம். நோட்ல இல்ல. டீச்சரைக் கேக்கணும்.’

சாத்துக்குடிப் பையோடு நீங்கள் என் வாசல்படியில் நின்று கேட்க வந்தது அதுதான். தூக்கம் கெட்டுக் கிடந்தவளைக் கேட்க மனம் வராமல், பிள்ளைகள் சொல்வதைக் கேட்க வேண்டாம் என்று நான் சிவப்பில் எழுதியதை நம்பிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறீர்கள். அன்று ஷாமியானா எதிரில் நோட்டைக் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் உங்கள் தலை தப்பியிருக்கும், என் அணி போயிருக்கும். ரெஜினாவைத் தண்ணீர் பிடிக்க அனுப்பினீர்களே, நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். படிக்கத் தெரியாதா என்று கேட்டேன். அதன் பிறகும் வருடக்கணக்காக, கல்யாணப் பத்திரிகை வரைக்கும் கேட்டேன். மன்னித்துவிடுங்கள் சார். உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால், ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர், நீங்க எழுதலேன்னா இன்னா, நான் படிக்கலேன்னா இன்னா என்று சொல்லி என் வாயை அடைத்திருப்பீர்கள். அதைக் கேட்க முடியாமல் போனதுதான் என் தண்டனை என்று வைத்துக்கொள்கிறேன்.

சிவப்பு பேனா ஒன்றைத் தேடிப் பிடித்து, ஓட்டம் என்ற தலைப்புக்குக் கீழே அந்த வரியை இப்போதுதான் எழுதினேன். ‘பந்து கையை விட்டுப் போகும் வரை, ஓடுகிறவர் காலை பேஸிலிருந்து எடுக்கக் கூடாது.’ பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக்கும் போட்டேன், உங்கள் சார்பில். ஹோம் பிளேட் இனி மெஷினுக்கு அடியில் போகாது. மெஷின் குதித்தால் குதித்துவிட்டுப் போகட்டும்.

இன்று காலை ஒரகடம் கூட்டுரோட்டில் மருந்து வாங்கப் போனேன். அந்த ரோட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், இப்போது இன்னும் மோசம். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் லாரி, கம்பெனி பஸ், நடுவில் புகுந்து வரும் ஷேர் ஆட்டோ. எனக்குப் பக்கத்தில் வேலைக்குப் போகிற பெண்கள் நாலைந்து பேர், நீலச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக, முன்னே ஒரு தப்படி வைப்பதும் பின்னே எடுப்பதுமாக இருந்தார்கள். நான் நடைபாதை ஓரத்தில் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டேன். இந்த ரோட்டில் எப்போதும் கேட்கிற குரல்தான், இன்றைக்கும் கேட்டது. இரு டீச்சர். இரு. ஒரு கன்டெய்னர் லாரி உரசிக்கொண்டு போயிற்று. பக்கத்தில் இருந்த பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, இரும்மா என்றேன். அதற்குப் பின்னால் ரோடு காலியாயிற்று.

நீங்கள் போ என்றீர்கள். அப்புறம்தான் காலை எடுத்தேன்.